பிள்ளையும் தொழிலும் ஒரே வீட்டில்: அம்மாக்களின் நேரத்தை மிச்சப்படுத்தும் எளிய போன் கருவிகள்

வீட்டிலிருந்தபடியே தொழில் செய்கிற ஓர் அம்மாவுக்கு, யாரும் கூப்பிடாத ஒரு முழு மணி நேரம் ஒரு நாளில் எத்தனை முறை கிடைக்கும்? காலையில் பெரியவனின் ஸ்கூல் வேன் கிளம்பிய பிறகு ஒரு முறை, மதியம் சின்னவள் தூங்கும்போது ஒரு முறை. அவ்வளவுதான். ப்ளவுஸ் வெட்டுவதோ, முறுக்கு பிழிவதோ, மசாலா அரைப்பதோ எல்லாம் அதற்குள் முடியணும். ஆனால், சரியாக அந்த நேரத்தில்தான் போனும் அடிக்கும். "அக்கா, கிலோ என்ன விலை?", "அக்கா, ஞாயித்துக்கிழமைக்குள்ள கிடைக்குமா?", "அக்கா, பணம் போட்டுட்டேன், வந்துச்சா பாருங்க!"

இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தினமும் ஒன்றேதான். அதை நீங்களே ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் போனே சொல்லிவிடும். அதற்காகப் புதிதாக லேப்டாப் வாங்க வேண்டாம், கோர்ஸ் படிக்க வேண்டாம். நான்கைந்து இலவச ஆப்களைச் சரியாக அமைத்தால் போதும்.

ஏலாக்குறிச்சியிலிருந்து யோசிப்போம்

இந்த மாதிரிக் கட்டுரைகளில் எப்போதும் சென்னை, கோவைதான் உதாரணமாக வரும். ஒரு மாற்றத்துக்கு அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய ஊர். சுற்றிலும் வயல். இத்தாலியில் பிறந்து தமிழ் கற்று, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் தங்கிப் பணிசெய்த அடைக்கல மாதா திருத்தலம் இங்கேதான் இருக்கிறது. இந்த ஊருக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர்.

இந்த மாதிரி ஊரில் வீட்டுத் தொழில் செய்பவருக்கு இரண்டு விதமான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். ஒன்று, உள்ளூர்க்காரர்கள். முகம் தெரியும், கடனும் சொல்வார்கள். இன்னொன்று, திருச்சி, தஞ்சாவூர், அரியலூர் என்று வெளியிலிருந்து கோயிலுக்கு வந்து போகிறவர்கள். ஒரு பாக்கெட் முறுக்கோ அரை கிலோ முந்திரியோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். பிடித்திருந்தால்கூட மறுபடி கேட்க அவர்களிடம் வழி இருக்காது. அந்த பாக்கெட்டின் மேல் ஒரு போன் நம்பரும், அந்த நம்பரில் ஒழுங்காகப் பதில் சொல்லும் ஏற்பாடும் இருந்தால், அடுத்த மாதமும் அதே ஆளிடமிருந்து ஆர்டர் வர வாய்ப்பு இருக்கிறது. சின்ன ஊருக்கு டிஜிட்டல் கருவி எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

எந்த ஆப்பாக இருந்தாலும் இறக்குவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கோங்க:

* நான் பிள்ளையோடு இருக்கும் நேரத்தில் இது எனக்காக வேலை பார்க்குமா?
* இதில் சேரும் பணமும் கணக்கும் என் பெயரில் இருக்குமா?

இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த ஆப் உங்களுக்கு இன்னொரு வேலை, அவ்வளவே.

1. வாட்ஸ்அப் பிசினஸ்: உங்களுக்குப் பதிலாகப் பேசும் ஆள்

சாதாரண வாட்ஸ்அப்பையும் வாட்ஸ்அப் பிசினஸையும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய பேர். 2018 ஜனவரியில் வந்த இந்த இரண்டாவது ஆப், சிறு வியாபாரிகளுக்காகவே செய்யப்பட்டது. இலவசம்தான். இரண்டு சிம் போடும் போன் என்றால், ஒரு நம்பரில் குடும்ப வாட்ஸ்அப், இன்னொரு நம்பரில் பிசினஸ் வாட்ஸ்அப் என ஒரே போனில் வைத்துக்கொள்ளலாம். மாமியார் அனுப்பும் 'குட் மார்னிங்' படத்துக்கும், ஆர்டர் மெசேஜுக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிட்டாலே பாதித் தலைவலி குறையும்.

இதில் நீங்கள் கட்டாயம் அமைக்க வேண்டியவை ஐந்து:

வரவேற்பு மெசேஜ்: முதல் தடவை மெசேஜ் அனுப்புபவருக்குத் தானாகப் போகும். 14 நாள்கள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி வருபவருக்கும் போகும். இப்படி எழுதி வைக்கலாம்: "வணக்கம்! முறுக்கு, தட்டை, முந்திரி கிடைக்கும். விலைப் பட்டியல் எங்கள் கேட்டலாக்கில் இருக்கிறது. என்ன வேண்டும், எவ்வளவு, எந்தத் தேதிக்கு என்று எழுதி அனுப்புங்க. மாலை 6 மணிக்குள் பதில் சொல்லிடுவோம்."

'இப்போது இல்லை' மெசேஜ்: ஆப்பில் இதற்கு 'அவே மெசேஜ்' என்று பெயர். நேரம் குறித்து வைக்கலாம். பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டும் நேரம், படிக்க உட்காரும் நேரம், இரவு 8 மணிக்கு மேல் என்று உங்கள் வீட்டுக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு விஷயம், போனில் நெட் ஆன் ஆகியிருந்தால்தான் இது போகும். டேட்டாவை அணைத்து வைத்தால் போகாது.

விரைவுப் பதில்கள்: அடிக்கடி எழுதும் பதில்களை ஒரு தடவை எழுதி, அதற்கு ஒரு சின்னப் பெயர் கொடுத்துவிடலாம். பிறகு '/விலை' என்று தட்டினால் முழு விலைப் பட்டியலும் வந்து நிற்கும். '/முகவரி' என்றால் "பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், பின்கோடு, போன் நம்பர் அனுப்புங்க" என்ற வரி. '/பணம்' என்றால் யுபிஐ விவரம். இதுபோல 50 வரை சேமிக்கலாம். உங்களுக்கு ஏழெட்டு போதும்.

லேபிள்கள்: ஒவ்வொரு சாட்டுக்கும் 'புது ஆர்டர்', 'பணம் பாக்கி', 'அனுப்பியாச்சு' என்று கலர் அட்டை ஒட்டலாம். குழந்தை அழுகிறதே என்று பாதியில் எழுந்து போய், ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் எது பாக்கி என்று ஒரே பார்வையில் தெரியும்.

கேட்டலாக்: பொருளின் படம், விலை, அளவு எல்லாம் ஒரே இடத்தில். "என்னென்ன இருக்கு அக்கா?" என்று கேட்பவருக்கு அதன் லிங்க்கை அனுப்பினால் போதும். விலை ஏறினால் உடனே மாற்றிவிடுங்கள். பழைய விலையைப் பார்த்து ஆர்டர் போட்டவரிடம் பேரம் பேசுவது போனில் ரொம்பக் கஷ்டம்.

விளம்பரத்துக்கு ஸ்டேட்டஸ் போதும். 24 மணி நேரம் இருக்கும். 'நாளை முறுக்கு போடறோம், இன்று இரவுக்குள் சொல்லுங்க' என்று வாரம் இரண்டு தடவை போட்டால் யாருக்கும் தொல்லையாக இருக்காது. பிராட்காஸ்ட் லிஸ்ட் பயன்படுத்துவதாக இருந்தால், உங்கள் நம்பரை சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும் என்பதை நினைவில் வையுங்கள். அதனால் பொருள் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள்.

டைப் பண்ண நேரம் இல்லையா? கீபோர்டில் தமிழைச் சேர்த்துவிட்டு மைக்கை அழுத்திப் பேசுங்கள். ஜிபோர்டு தமிழை நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், எண்களில் மட்டும் தப்பு வரலாம். சொல்லப்போனால், தமிழ் எழுத்தை எளிமையாக்கியவர்களில் முக்கியமானவர் வீரமாமுனிவர். எகரத்தையும் ஏகாரத்தையும் குழப்பமில்லாமல் பிரித்து எழுத வழி செய்தவர் அவர் என்பார்கள். 'ஏலாக்குறிச்சி' என்று டைப் செய்யும்போது வரும் முதல் எழுத்திலேயே அவர் வேலை இருக்கிறது!

2. யுபிஐ: பணம் யார் பெயரில் விழுகிறது?

2016-ல் தொடங்கிய யுபிஐ இன்று பூக்கடை வரை வந்துவிட்டது. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் வரும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் கிடையாது என்பது 2020 ஜனவரியிலிருந்து விதி. அதனால் கியூஆர் வைப்பதில் நஷ்டமில்லை. ஆனால், இங்கே ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது.

நிறைய வீடுகளில் வேலை செய்வது மனைவி, கியூஆர் மட்டும் கணவருடையது. "அவர் கணக்குல போட்டுடுங்க" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வீட்டுப் பணம்தானே, யார் கணக்கில் இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் இரண்டு வருஷம் கழித்து ஒரு பவர் மெஷினோ, பெரிய கிரைண்டரோ வாங்க கடன் கேட்டு நீங்கள் வங்கிக்குப் போகும்போது, "உங்க வருமானத்துக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று கேட்பார்கள். உங்கள் கணக்கில் மாதாமாதம் பணம் வந்துபோன ஸ்டேட்மென்ட்தான் அதற்குப் பதில். இரண்டு வருஷ உழைப்பும் வேறொருவர் கணக்கில் இருந்தால், வங்கிப் பதிவில் நீங்கள் எந்தத் தொழிலும் செய்யாதவர்.

அதனால் உங்கள் பெயரில் தொழிலுக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் நம்பரோடு இணைத்து, அதற்கு ஒரு கியூஆர் எடுத்து அச்சிட்டு ஒட்டுங்கள். மளிகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் வேறு கணக்கிலிருந்து போகட்டும். முத்ரா திட்டத்தின் 'சிஷு' பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்கலாம். அப்படிக் கேட்கப் போகும் நாளில் இந்தத் தனிக்கணக்கு உங்களுக்காகப் பேசும்.

பணம் வந்ததா என்று பார்க்க போனை எடுக்க முடியாத அளவுக்கு விற்பனை இருந்தால், பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வாங்கலாம். பேடிஎம், போன்பே, கூகுள் பே எல்லோரும் தருகிறார்கள். பெரும்பாலும் மாத வாடகை உண்டு. தினம் ஐந்தாறு பேர்தான் வாங்குகிறார்கள் என்றால் அந்த வாடகை வேண்டாத செலவு. வங்கியின் எஸ்எம்எஸ் போதும்.

ஏமாறாமல் இருக்க மூன்று பாடம்: குழந்தை இடுப்பில் இருக்கும்போதுதான் நாம் அவசரப்படுவோம். மோசடி செய்பவர்களுக்கு அந்த அவசரம்தான் வேண்டும்.

* பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடவே தேவையில்லை. "பின் போடுங்க, பணம் வரும்" என்று யார் சொன்னாலும் அது மோசடி.
* ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருள் கொடுக்காதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் செய்வது ரொம்பச் சுலபம். உங்கள் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.
* "தெரியாம 500-க்கு பதிலா 5,000 போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று போன் வந்தால், முதலில் பேலன்ஸ் பாருங்கள். பணம் வந்ததாகக் காட்டும் எஸ்எம்எஸ்ஸே போலியாக இருக்கலாம்.

ஒருவேளை பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அடியுங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகாமல் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

3. கணக்கு: நோட்டா, ஆப்பா?

கையால் நோட்டில் எழுதுவது தப்பே இல்லை. அதில் பால் கொட்டிவிடலாம், குழந்தை கிறுக்கிவிடலாம் என்பதுதான் சிக்கல். தினமும் இரவு நோட்டுப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்தால்கூட அது டிஜிட்டல் கணக்குதான்.

அடுத்த படி, கூகுள் ஷீட்ஸ். ஆறு கட்டங்கள் போதும்: தேதி, பெயர், பொருள், தொகை, வந்தது, பாக்கி. போன் தொலைந்தாலும் உங்கள் கூகுள் கணக்கில் அது பத்திரமாக இருக்கும். உள்ளூரில் கடன் சொல்பவர்கள் அதிகம் என்றால் கட்டாபுக், ஓகேகிரெடிட் போன்ற கடன் கணக்கு ஆப்கள் உதவும். யார் எவ்வளவு தரணும் என்று எழுதிவைத்து, நினைவூட்டும் மெசேஜும் அனுப்பலாம். பக்கத்து வீட்டு அத்தையிடம் நேரில் போய்க் கேட்பதைவிட, ஆப் அனுப்பும் மெசேஜ் கொஞ்சம் சங்கடத்தைக் குறைக்கும். இந்த வகை ஆப்களில் சிலது கடன் வாங்கச் சொல்லி நடுவில் விளம்பரம் காட்டும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கணக்கு எழுதுவதன் உண்மையான பலன், விலை போடும்போது தெரியும். ஓர் உதாரணத்துக்கு, 5 கிலோ முறுக்கு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

* மாவு, எண்ணெய், மற்ற பொருள்கள்: 900 ரூபாய்
* கேஸ்: 100 ரூபாய்
* கவர், லேபிள்: 100 ரூபாய்
* மொத்தம்: 1,100 ரூபாய்

கிலோ 260 ரூபாய்க்கு விற்றால் கையில் வருவது 1,300. 'இருநூறு ரூபாய் லாபம்' என்று தோன்றும். ஆனால் அதற்கு நீங்கள் 6 மணி நேரம் அடுப்பு முன்னால் நின்றிருந்தால், மணிக்குக் கிடைத்தது 33 ரூபாய்தான். உங்கள் உழைப்புக்கு மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் 360 ரூபாய் கூட்டணும். அப்போது அடக்க விலையே கிலோ 292 ரூபாய் ஆகிறது. 260-க்கு விற்பதென்றால், உங்கள் நேரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். வீட்டுத் தொழிலில் நிறைய பேர் தங்கள் கூலியைக் கணக்கில் எழுதுவதே இல்லை. போனில் அதற்கும் ஒரு வரி போடுங்கள்.

4. ஒரே காலண்டர்: தடுப்பூசியும் டெலிவரியும்

தொழிலுக்கு ஒரு டைரி, பிள்ளைகளுக்கு ஒரு டைரி என்று பிரிக்காதீர்கள். இரண்டும் உங்கள் ஒரே நாளைத்தான் பங்கு போடுகின்றன. கூகுள் காலண்டரில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு, பிள்ளைகளுக்கு ஒரு கலர், ஆர்டருக்கு ஒரு கலர் கொடுங்கள்.

கைக்குழந்தை என்றால் தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 6, 10, 14-வது வாரங்களிலும், பிறகு 9-வது மாதத்திலும் ஊசி உண்டு. தேதிகளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம், இரவு தூக்கம் இருக்காது. அந்த இரண்டு நாள்களில் பெரிய ஆர்டர் எதையும் ஒப்புக்கொள்ளாமல் இருக்க இந்தக் காலண்டர்தான் உதவும். பள்ளித் தேர்வு, தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் இதேபோல் போடுங்கள்.

இதைக் கணவரோடு பகிர முடியும் என்பது இன்னொரு வசதி. 'இன்னைக்கு மாலை 4 மணிக்கு நான் டெலிவரி கொடுக்கப் போறேன், பாப்பாவை நீங்க பார்த்துக்கணும்' என்பது அவர் போனிலும் மணி அடித்துச் சொல்லும். "சொல்லவே இல்லையே" என்ற வாக்குவாதத்துக்கு இடமில்லை. அம்மா மட்டும் ஏன் இதையெல்லாம் நினைவில் வைக்கணும்? தையல் மெஷின் முன்னால் அப்பாவும், காலண்டர் கையில் அம்மாவும் இருக்கும் வீடுகளுக்கும் இதே வழிதான்.

வாங்க வேண்டிய பொருள்களுக்கு கூகுள் கீப்பில் ஒரு லிஸ்ட் போதும். வாங்க வாங்க டிக் அடித்துக்கொண்டே போகலாம். திருமானூருக்கோ அரியலூருக்கோ போய்வந்த பிறகு, 'ஐயோ, நூல் வாங்க மறந்துட்டேனே' என்று இன்னொரு பஸ் ஏறுவது மிச்சம்.

5. படமும் மேப்பும்

படத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். காலை வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், கீழே ஒரு வெள்ளைத் துணி, பொருளுக்குப் பக்கத்தில் அளவு தெரிய ஒரு டம்ளர். ஃப்ளாஷ் வேண்டாம். கேன்வா ஆப்பில் தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. விலையும் நம்பரும் சேர்த்து ஒரு போஸ்டர் செய்து வைத்தால், அதையே ஒவ்வொரு தடவையும் தேதி மாற்றிப் போடலாம்.

கூகுள் மேப்ஸில் உங்கள் தொழிலைச் சேர்ப்பது இலவசம். 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' என்று இதற்குப் பெயர். கோயிலுக்கு வருபவர் போனில் தேடும்போது உங்கள் பெயர் வரும். ஆனால் வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டு முகவரியைக் காட்டாமல், எந்தெந்த ஊர்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் காட்டும் வசதி அதில் உண்டு. கடை தனியாக இருந்தால் முகவரி போடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீடுதான் கடை என்றால், முகவரியை மறைத்துவிட்டு, ஆர்டர் உறுதியானவருக்கு மட்டும் சொல்லுங்கள்.

6. பார்சல்: தபால்காரர் இருக்காரே!

கூரியர் ஆபீஸ் இல்லாத ஊர்களுக்கும் தபால்காரர் வருகிறார். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் சேவை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் முக்கியமான பார்சல்களுக்கு ஸ்பீடு போஸ்ட் நல்ல வழி. ரசீதில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு டிராக்கிங் எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டால், "எங்க வந்திருக்கு?" என்று உங்களைக் கேட்க மாட்டார், அவரே பார்த்துக்கொள்வார்.

வாரத்தில் ஒரு நாளை 'பார்சல் நாள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வர வர ஓடினால் உங்கள் இரண்டு மணி நேரமும் பஸ் ஸ்டாப்பிலேயே போய்விடும். '/பார்சல்' என்று ஒரு விரைவுப் பதில்: "பார்சல் செவ்வாய்க்கிழமை மட்டும் அனுப்புவோம். திங்கள் மாலைக்குள் பணம் வந்தால் மறுநாள் கிளம்பிடும்." இந்த ஒரு வரியே வாரத்தை ஒழுங்காக்கும்.

7. பதிவுகள்: போனிலேயே முடிகிறவை

உத்யம்: சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. 2020 ஜூலை 1-ல் வந்தது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போனிலேயே செய்யலாம், கட்டணம் கிடையாது. தேடும்போது இதே பெயரில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

எஃப்எஸ்எஸ்ஏஐ: உண்ணும் பொருள் எது விற்றாலும், வீட்டிலிருந்து என்றாலும், உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை. சின்ன அளவில் செய்பவர்களுக்கு எளிய பதிவு முறை உண்டு. கிடைக்கும் 14 இலக்க எண்ணை பாக்கெட்டில் அச்சிடணும். வெளியூர்க் கடைக்காரர் உங்கள் பொருளை வாங்கி வைக்க யோசிக்கும்போது, முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

ஜிஎஸ்டி: ஆன்லைன் தளங்களில் விற்க ஜிஎஸ்டி எண் கட்டாயம் என்ற நிலை, சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் தளர்ந்திருக்கிறது. விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவர்கள், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பதிவு எண் மட்டும் வாங்கிக்கொண்டு, தங்கள் மாநிலத்துக்குள் பொருள்களை விற்கலாம். வேறு மாநிலத்துக்கு விற்பது என்றால் இந்தச் சலுகை பொருந்தாது.

சந்தேகம் இருந்தால் அரியலூரில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறீர்களா? உங்கள் ஒன்றியத்தின் மகளிர் திட்ட அலுவலரிடம், குழுப் பொருள்களை 'மதி' என்ற பெயரில் விற்பதற்கான வாய்ப்புகளைப் பற்றி விசாரியுங்கள்.

8. அந்த போன் பிள்ளை கையிலும் போகுமே!

எல்லாத் தொழிலையும் ஒரே போனில் வைத்துவிட்டு, சாப்பிட வைக்க அதே போனைக் குழந்தையிடம் கொடுக்கிறோம். இரண்டு பக்கமும் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி, இரண்டு வயது நிறையும்வரை குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. தொழில் பக்கம் பார்த்தால், குழந்தையின் ஒரு தட்டலில் ஆர்டர் சாட் அழிந்துபோகலாம்.

* ஆண்ட்ராய்டு போனில் 'ஆப் பின்னிங்' என்ற வசதி உண்டு. ஒரு ஆப்பை மட்டும் திறந்து பூட்டிவிட்டால், குழந்தை அதிலிருந்து எளிதில் வெளியே போக முடியாது.
* யுபிஐ ஆப்களுக்குத் தனிப் பூட்டு போடுங்கள். பின் நம்பரைப் பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள், அவர்கள் நம்மைவிட நன்றாக நினைவில் வைப்பார்கள்!
* வாட்ஸ்அப்பில் 6 இலக்க இரட்டைப் பாதுகாப்பு எண்ணை அமையுங்கள். தினசரி பேக்கப் ஆன் செய்யுங்கள். போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாலும் வாடிக்கையாளர் பட்டியல் தப்பிக்கும்.
* பொருள் படத்தின் பின்னணியில் பிள்ளையின் முகமோ, ஸ்கூல் யூனிஃபார்மோ வராமல் பார்த்துக்கோங்க. ஸ்டேட்டஸை முன்பின் தெரியாத வாடிக்கையாளர்களும் பார்ப்பார்கள்.

இன்னொன்று, நோட்டிஃபிகேஷன். ஒவ்வொரு 'டிங்' சத்தத்துக்கும் போனை எடுத்தால், தொழிலும் முழுசாக நடக்காது, பிள்ளையோடு இருப்பதும் முழுசாக இருக்காது. காலை 10, மதியம் 2, மாலை 6 என்று மூன்று நேரம் மட்டும் மெசேஜ் பாருங்கள். நடுவில் வருபவர்களுக்குத்தான் தானியங்கிப் பதில் இருக்கிறதே. சீக்கிரம் பதில் வரவில்லை என்பதற்காக முறுக்கு வாங்காமல் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். 'மாலை 6 மணிக்குள் சொல்வோம்' என்று எழுதிவிட்டு, சொன்னபடி சொல்கிறவரிடம் மறுபடி மறுபடி வருவார்கள்.

எதில் தொடங்குவது?

இதைப் படித்துவிட்டு இன்று இரவே எட்டு ஆப் இறக்காதீர்கள். வாரம் ஒன்று போதும்.

* முதல் வாரம்: வாட்ஸ்அப் பிசினஸ். வரவேற்பு மெசேஜ், மூன்று விரைவுப் பதில்கள்.
* இரண்டாம் வாரம்: உங்கள் பெயரில் தனிக் கணக்கு, உங்கள் கியூஆர்.
* மூன்றாம் வாரம்: கணக்கு. அன்றன்றைய விற்பனை, செலவு, உங்கள் கூலி மூன்றும்.
* நான்காம் வாரம்: குடும்பக் காலண்டர், உத்யம் பதிவு. உணவுப் பொருள் விற்பவர்கள் முதல் வாரத்திலேயே எஃப்எஸ்எஸ்ஏஐ விண்ணப்பத்தையும் தொடங்கிவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து எந்த ஆப்பைத் திறக்கவே இல்லையோ, அதை அழித்துவிடுங்கள். போனில் இடமும் மிச்சம், மனசுக்கும் மிச்சம்.

இந்தக் கருவிகள் எதுவும் உங்கள் முறுக்கை மொறுமொறுப்பாக்காது, ப்ளவுஸுக்குக் கச்சிதமான ஃபிட்டிங் தராது. அது உங்கள் கை வேலை. விலை சொல்வது, முகவரி கேட்பது, பாக்கியை நினைவூட்டுவது போன்றவற்றை போன் பார்த்துக்கொண்டால், மதியம் சின்னவள் தூங்கும் அந்த ஒரு மணி நேரம் முழுசாக உங்கள் கைக்கு வரும். முதல் வேலையாக அந்த வரவேற்பு மெசேஜை எழுதுங்கள். ஐந்து நிமிஷம்தான் ஆகும்.